ஒரு கவுன்டியின் மானியக் கணக்கு: அமெரிக்கப் பண்ணை மானியத் தரவுத்தளம் குறித்த மதிப்புரை

அமெரிக்காவின் கிராமப்புறக் கவுன்டி (மாநிலத்துக்குள் அடங்கும், நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒன்றில் உள்ள பண்ணைகளுக்கு நடுவண் அரசு எவ்வளவு மானியம் கொடுத்தது, எந்தத் திட்டத்தின் கீழ்க் கொடுத்தது, அது யாருடைய பெயருக்குப் போனது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு, என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்னும் அமைப்பு நடத்திவரும் பண்ணை மானியத் தரவுத்தளத்துக்கு இணையான கருவி வேறு இல்லை என்பது என் கருத்து. 1993இல் தொடங்கப்பட்டு வாஷிங்டனைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இவ்வமைப்பு, வேளாண் மானியங்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வகுக்கும் பண்ணைச் சட்டத்தின் 2002ஆம் ஆண்டு வடிவம் விவாதத்தில் இருந்தபோது, 2001இல் இத்தரவுத்தளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 1995 முதலான கணக்குகள் இதில் உள்ளன. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. தயக்கமின்றி இதைப் பரிந்துரைக்கிறேன். ஆயினும் இதில் தெரிவது காசோலையை வாங்கிய கை மட்டுமே. எவ்வளவு நிலத்துக்கு அந்தப் பணம் வந்தது, கடைசியில் அதனால் பயன் பெற்றவர் யார் என்பவை இதில் தெரிவதில்லை. இந்த வேறுபாட்டை மறந்து படிப்பவர் எளிதில் தவறான முடிவுக்கு வந்துவிடுவார் என்பதால், எந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மானியம் பெற்றவர்களின் பெயர்கள் எளிதாக வெளிவந்துவிடவில்லை. பருத்தி மானியம் பெற்றோரின் பெயர்களைக் கேட்டு வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் தொடுத்த வழக்கில், தனிமனித அந்தரங்கத்தைக் காரணம் காட்டி வேளாண்மைத் துறை மறுத்ததை ஏற்காமல், பெயர்களை வெளியிட வேண்டும் என்று நடுவண் நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. பொதுப் பணம் எங்கே போகிறது என்பதை அறிவதில் மக்களுக்கு உள்ள உரிமை, பெற்றவரின் அந்தரங்கத்தைவிட அங்கே கனமானது என்று கொள்ளப்பட்டது. தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் வேளாண்மைத் துறையிடமிருந்து கேட்டுப் பெறப்படும் கோப்புகளே இத்தரவுத்தளத்தின் அடித்தளம். அத்துறையின் ஓர் அங்கமான பண்ணைச் சேவை முகமையும் பட்டுவாடாக் கோப்புகளைத் தானே வெளியிடுகிறது. ஆனால் அவை வெறும் வரிசைகளாகக் கிடக்கும் மூலக் கோப்புகள். அவற்றை மாநிலம், கவுன்டி, திட்டம், ஆண்டு, பெறுநர் என்று பிரித்துக் கூட்டி, கணக்கு படிக்கத் தெரியாதவரும் படிக்கும்படி ஆக்கியதுதான் இச்சேவையின் தனி உழைப்பு, அந்த உழைப்பு போற்றத்தக்கது.

பயன்படுத்தும் முறை எளிது. மாநிலத்தைத் தேர்ந்து, அதற்குள் கவுன்டியைத் தேர்ந்தால், மொத்தத் தொகையும் அதன் பிரிவுகளும் வருகின்றன: பயிர்சார் திட்டங்கள், மண்வளப் பாதுகாப்பு, பேரிடர் நிவாரணம், பயிர்க் காப்பீட்டுக் கட்டண மானியம். அதன்பின் பெறுநர் பட்டியல், தொகையின் இறங்கு வரிசையில். ஆர்கன்சா மாநிலத்தில் அதே பெயர் கொண்ட ஆர்கன்சா கவுன்டியை எடுத்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். ஏறத்தாழ 17,000 பேர் வாழும் அந்தக் கவுன்டி, கிராண்ட் பிரெய்ரி எனப்படும் சமவெளியில், நெல்லும் சோயா மொச்சையும் விளையும் மண்ணில் அமைந்திருக்கிறது. அமெரிக்க நெல் விளைச்சலில் ஏறக்குறைய பாதியை ஆர்கன்சா மாநிலமே தருகிறது. மானியத் திட்டங்களின் நுணுக்கங்கள் அனைத்தும் நெல்லில்தான் மிகத் தெளிவாகப் புலப்படுகின்றன.

முதலில் கவனிக்க வேண்டியது ஆண்டு. பட்டியலில் ஓர் ஆண்டுக்கு நேரே நிற்கும் தொகை, அந்த ஆண்டின் அறுவடைக்கு உரியது என்று எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் 2014ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டம் கொண்டுவந்த இரண்டு முதன்மைத் திட்டங்களும், அதாவது விலை வீழ்ச்சிக்கு ஈடு கொடுப்பதும் கவுன்டியின் விளைச்சல் வருவாய் குறைந்தால் ஈடு கொடுப்பதும், அறுவடைக்குப் பிந்தைய விற்பனை ஆண்டு முழுவதும் முடிந்து, சராசரி விலை தெரிந்த பிறகே பணம் வழங்குகின்றன. ஆகவே ஓர் இலையுதிர்காலத்தில் அறுத்த நெல்லுக்கான தொகை, அடுத்த ஆண்டு அக்டோபருக்குப் பிறகே கைக்கு வரும். ஒரு கவுன்டியில் வறட்சியும் விலைச்சரிவும் நேர்ந்த ஆண்டில் தொகை குறைவாகவும், நல்ல விளைச்சல் கண்ட அடுத்த ஆண்டில் அதிகமாகவும் இருப்பதைக் கண்டு, அரசு தேவையில்லாதபோது அள்ளிக் கொடுத்தது என்று முடிவு கட்டுவது இந்தக் கால இடைவெளியை அறியாததால் வரும் பிழை. இதை விளக்கும் ஒரு குறிப்பு, எண்கள் நிற்கும் அதே பக்கத்தில், அவற்றின் அருகிலேயே இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது, அடிப்படை ஏக்கர் என்னும் கருத்து. இவ்விரு திட்டங்களின் மானியம், இந்த ஆண்டு எதைப் பயிரிட்டார்கள் என்பதைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை. முன்பு ஒரு காலத்தில் அந்த நிலத்தில் என்ன பயிர் எவ்வளவு இருந்தது என்ற பதிவின்படியே கணக்கிடப்படுகிறது. நீள்மணி நெல்லுக்கு 2014 சட்டம் நிர்ணயித்த குறிப்பு விலை, அதாவது சந்தை விலை அதற்குக் கீழே இறங்கினால் ஈடு கிடைக்கும் விலை, நூறு பவுண்டுக்கு 14 டாலர். சந்தையின் சராசரி விலை 11 டாலருக்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 3 டாலர். ஒருவரிடம் 1,000 அடிப்படை ஏக்கர் இருந்து, அதன் பதிவு விளைச்சல் ஏக்கருக்கு 60 நூறுபவுண்டாக (6,000 பவுண்டு) இருந்தால், 85 சதவீத ஏக்கருக்கு மட்டும் கணக்கிட்டு 1,53,000 டாலர் வரும். அந்த ஆண்டில் அவர் அந்த நிலத்தில் நெல்லுக்குப் பதிலாகச் சோயா விதைத்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பட்டியலில் நெல் என்ற தலைப்பின் கீழ்த் தொகையைப் பார்ப்பவர், அங்கே நெல் விளைந்தது என்று கொள்ளக் கூடாது.

2002 சட்டத்தின் நேரடிப் பட்டுவாடாத் திட்டம் இதனினும் தளர்வானது. விலை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும், பயிரிட்டாலும் பயிரிடாவிட்டாலும், நெல்லுக்கு நூறு பவுண்டுக்கு 2.35 டாலர் வீதம் ஆண்டுதோறும் கொடுக்கப்பட்டது. 2000க்குப் பிறகான சில ஆண்டுகளில் மட்டும், வேளாண்மையே செய்யாதவர்களுக்குக் குறைந்தது 130 கோடி டாலர் போயிருக்கிறது என்று வாஷிங்டன் போஸ்ட் 2006இல் எழுதியது. நெல் வயலாக இருந்து வீட்டுமனையாக மாறிய நிலத்துக்கும் நெல் மானியம் வந்தது. இத்தகைய செய்திகளும், பெயர்களோடு பொதுவில் வைக்கப்பட்ட தரவுத்தளமும் சேர்ந்து எழுப்பிய கேள்விகள் அத்திட்டத்துக்குப் பாதகமாக நின்றன. 2014 சட்டம் அதை நிறுத்தியது. ஒரு பட்டியலைப் பொதுவில் வைப்பதன் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வரலாற்றைத்தான்.

மேலே சொன்ன 1,53,000 டாலர் முழுவதும் ஒருவருக்குக் கிடைத்துவிடாது. 2014 சட்டப்படி ஒரு நபருக்கு ஆண்டு வரம்பு 1,25,000 டாலர்; வருமானம் சராசரியாக 9 லட்சம் டாலருக்கு மேல் உள்ளவருக்குத் தகுதியே இல்லை. சட்டத்தின் எழுத்தைப் படித்தால் கண்டிப்பாகத் தெரியும் இந்த வரம்பு, பட்டியலைப் படிக்கும்போது வேறு முகம் காட்டுகிறது. கணவனும் மனைவியும் தனித்தனி நபர்கள் என்பதால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு வரம்புகள். பொதுக் கூட்டாண்மையாகப் பதிவு செய்துகொண்டால் ஒவ்வொரு கூட்டாளிக்கும் ஒரு வரம்பு. 2018 சட்டம் குடும்பப் பண்ணை என்பதன் எல்லையை விரித்து, ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளையும் உடன்பிறந்தோரின் மக்களையும் அதற்குள் சேர்த்தது. ஆகையால் ஒரு கவுன்டிப் பட்டியலின் முதல் பக்கத்தில் கூட்டாண்மைப் பெயர்கள் அடுக்கி வருவதைக் காண்பவர், ஒவ்வொன்றும் பத்து லட்சத்தைத் தொடுவதைக் கண்டு, சட்டம் மீறப்பட்டதாக எண்ண வேண்டாம். சட்டம் அனுமதித்த வழியிலேயே அது நடக்கிறது, கேள்வி கேட்கப்பட வேண்டியதும் அந்தச் சட்டமே. இந்த உண்மையை இவ்வளவு வெளிப்படையாக வேறெந்த அரசு ஆவணமும் எனக்குக் காட்டியதில்லை.

கூட்டுறவுச் சங்கங்களின் பெயர்கள் இன்னொரு வகைச் சிக்கல். நாடு முழுவதற்குமான பெறுநர் பட்டியலில் நெடுங்காலம் உச்சியில் நின்ற பெயர் ரைஸ்லேண்ட் ஃபுட்ஸ். ஆர்கன்சா கவுன்டியின் ஸ்டட்கார்ட் நகரில் தலைமையகம் கொண்ட நெல் கூட்டுறவு நிறுவனம் அது. 1995 முதல் அதன் பெயருக்கு எதிரே 50 கோடி டாலருக்கு மேல் நிற்கிறது. ஒரு பெருநிறுவனம் பொதுப் பணத்தை விழுங்கிவிட்டதாக இதைப் படிப்பது அநீதி. உறுப்பினர்களான விவசாயிகள் தங்கள் நெல்லைக் கூட்டுறவிடம் ஒப்படைக்க, அந்த நெல்லை ஈடாக வைத்து அரசிடம் பெறும் சந்தைக் கடன் சார்ந்த மானியத்தைக் கூட்டுறவு மொத்தமாகப் பெற்று, அவர்களுக்குப் பங்கிட்டுத் தந்தது. எனவே பணம் பல ஆயிரம் வீடுகளுக்குப் போயிருக்கிறது. பெயர் ஒன்று மட்டுமே பதிவாகியிருக்கிறது. இதன் மறுபக்கமும் உண்டு: கூட்டுறவின் வழியே பணம் பெற்ற ஒரு விவசாயி, தன் கவுன்டியின் பட்டியலில் உண்மையில் பெற்றதைவிடக் குறைவாகப் பெற்றவராகத் தோன்றுவார். நெல்லும் பருத்தியும் விளையும் கவுன்டிகளைப் பார்க்கும்போது, 2000ஐ ஒட்டிய ஆண்டுகளின் தனிநபர் தொகைகளை இந்த எச்சரிக்கையோடுதான் ஒப்பிட வேண்டும்.

செறிவு அட்டவணை என்பது இத்தரவுத்தளத்தின் பெரும் பலம் என்று பலரும் சொல்வார்கள். பெறுநர்களில் முதல் 1 சதவீதத்தினர் எவ்வளவு பெற்றார்கள், முதல் 10 சதவீதத்தினர் எவ்வளவு, கீழே உள்ள 80 சதவீதத்தினர் எவ்வளவு என்று கவுன்டி வாரியாக அது பிரித்துக் காட்டுகிறது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், பயிர்சார் மானியத்தில் முக்கால் பங்கை ஒட்டிய தொகை முதல் 10 சதவீதத்தினரிடம் சேர்கிறது. இந்த எண் உண்மையானது, கவலைக்குரியது. ஆனால் அது எதனோடும் ஒப்பிடப்படாமல் தனியாக நிற்கிறது. ஒருவர் பெற்ற 2 லட்சம் டாலர் 5,000 ஏக்கருக்கா, 500 ஏக்கருக்கா என்பது தெரியாமல், அது மிகையா முறையா என்று எப்படிச் சொல்வது? அந்த ஏக்கர்க் கணக்கை இணைக்க இவ்வமைப்பு விரும்பினாலும் முடியாது. 2008ஆம் ஆண்டுப் பண்ணைச் சட்டத்தின் 1619ஆம் பிரிவு, விவசாயிகள் தங்கள் பண்ணை பற்றி அரசுக்குக் கொடுக்கும் விவரங்களையும் நில வரைபடத் தகவல்களையும் வெளியிடத் தடை விதிக்கிறது. பணத் தொகையும் பெறுநரின் பெயரும் முகவரியும் மட்டுமே அத்தடைக்கு விலக்கு. வகுபடும் எண்ணைத் தெரிந்துகொண்டு வகுக்கும் எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் நிற்கும் நிலைக்கு வாசகர் தள்ளப்படுவதற்குக் காரணம் அந்தப் பிரிவு. குத்தகை வாடகையும் இதே இருட்டில்தான் இருக்கிறது. மானியம் உழுபவரின் பெயருக்கு வந்தாலும், அடிப்படை ஏக்கர் உள்ள நிலத்துக்கு உடைமையாளர் கூடுதல் குத்தகை கேட்டு அதன் ஒரு பகுதியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள முடியும், அது எந்தப் பட்டியலிலும் வராது.

பணத்தை வாங்கியவரே உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியையும் கேட்க வேண்டியிருந்தது. 1999 முதல் 2005 வரையான காலத்தில் இறந்தவர்களின் பெயரில் 110 கோடி டாலர் வழங்கப்பட்டதாக அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2007இல் அறிக்கை தந்தது. இறந்தவரின் சொத்துப் பங்கீடு முடியும்வரை பணம் வழங்கச் சட்டம் சில நிலைகளில் இடம் தருகிறது என்பதால் அத்தனையும் முறைகேடு ஆகாது. ஆனால் தகுதியை ஆண்டுதோறும் சரிபார்க்கும் பொறுப்பு தட்டிக்கழிக்கப்பட்டிருந்தது என்பதை அது காட்டியது.

இத்தரவுத்தளத்தில் எனக்கு மிகவும் கனமாகப் படும் குறை ஒன்று உண்டு, அதற்கு இதை உருவாக்கியவர்கள் பொறுப்பல்லர். பெற்றவர்களின் பட்டியலில், கேட்டும் மறுக்கப்பட்டவருக்கு ஒரு வரிகூட இடமில்லை. பண்ணைத் திட்டங்களை உள்ளூரில் நடத்துவது, அந்தந்தப் பகுதி விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுன்டிக் குழு. அக்கம்பக்கத்தாரின் நிலமும் நிலைமையும் அறிந்தவர்கள் முடிவெடுப்பது நல்லது என்பது அதன் பின்னுள்ள எண்ணம். ஆனால் தெற்கு மாநிலங்களில் பல தலைமுறைகளாக அக்குழுக்கள் வெள்ளையர் கையில் இருந்தன. கறுப்பின விவசாயிகளின் கடன் விண்ணப்பங்களும் திட்ட விண்ணப்பங்களும் தாமதிக்கப்பட்டன, மறுக்கப்பட்டன, அவர்கள் கொடுத்த புகார்கள் விசாரிக்கப்படாமல் கிடந்தன. அவர்கள் தொடுத்த பிக்ஃபோர்டு வழக்கில் 1999இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வேளாண்மைத் துறை இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அதன்படி வழங்கிய தொகை நூறு கோடி டாலரை எட்டியது. காலக்கெடுவுக்குள் விண்ணப்பிக்க முடியாமல் விடுபட்டவர்களுக்காக 2010இல் 125 கோடி டாலர் அளவில் இரண்டாவது தீர்வும் வந்தது. அந்த வழக்கு 1981 முதல் 1996 வரையான காலத்தைப் பற்றியது, தரவுத்தளம் தொடங்குவதோ 1995இல். ஆகவே மிசிசிப்பி ஆற்றின் டெல்டா சமவெளியில் ஒரு கவுன்டியின் பட்டியலைத் திறந்து, அதில் யார் பெயர்கள் இல்லை என்று கேட்கிறவர், அதற்கு முன்பே நிலத்தை இழந்து வெளியேறிவிட்டவர்களையும் நினைவில் கொண்டே கேட்க வேண்டும். இந்த வரலாற்றைச் சொல்லும் ஒரு சிறு முன்னுரை அத்தகைய கவுன்டிகளின் பக்கத்தில் இருப்பது, அங்குள்ள எந்த வரைபடத்தையும்விட அதிகம் விளக்கும் என்று நம்புகிறேன்.

பயிர்க் காப்பீட்டுப் பகுதிக்கு வருவோம். இன்று விவசாயிகளுக்கு அரசு தரும் ஆதரவின் மிகப் பெரிய, ஆண்டு தவறாத பகுதி இதுவே. விவசாயி கட்ட வேண்டிய காப்பீட்டுக் கட்டணத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசு ஏற்கிறது; விற்பனை செய்யும் தனியார் நிறுவனங்களுக்கு நிர்வாகச் செலவையும் அரசே தருகிறது. நபர் வரம்பும் வருமான வரம்பும் இதற்குக் கிடையா. இத்தனை இருந்தும், காப்பீட்டுக் கட்டண மானியம் பெற்ற தனிநபர்களின் பெயர்களை வெளியிடச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே இத்தரவுத்தளம் கவுன்டியின் மொத்தத் தொகையை மட்டுமே காட்ட முடிகிறது. பேரிடர் நிவாரணமாக 2,000 டாலர் வாங்கிய சிறு விவசாயியின் பெயர் ஊருக்கெல்லாம் தெரிய, காப்பீட்டின் வழியே அதைப் பன்மடங்கு பெற்ற பெரும் பண்ணையின் பெயர் மறைந்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. சிறு கவுன்டியில் அண்டை வீட்டாரின் வருமானம் பேச்சாவதன் வலியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த வலியைச் சிறியவர் மட்டுமே ஏற்க வேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

இவ்வமைப்பு நடுநிலை அமைப்பு அன்று என்பதையும் சொல்ல வேண்டும். பயிர்சார் மானியங்களைக் குறைத்து, மண்ணையும் நீரையும் காக்கும் திட்டங்களுக்குப் பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது அதன் வெளிப்படையான நிலைப்பாடு. எண்கள் அரசின் கோப்புகளிலிருந்து வருபவை என்பதால் அவற்றில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அவற்றை அடுக்கும் விதம், உச்சியில் இருப்பவர்களை நோக்கியே பார்வையை இழுக்கிறது. நாட்டின் பண்ணைகளில் பெரும்பான்மை எந்த மானியமும் பெறுவதில்லை என்ற செய்தி, பெற்றவர்களை மட்டும் வரிசைப்படுத்தும் பட்டியலில் தானாகத் தெரியாது. பல ஆண்டுகளின் தொகைகளைக் கூட்டும்போது 1995இன் டாலரும் 2020இன் டாலரும் ஒரே மதிப்பாக நிற்கின்றன என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

கூட்டுத்தொகையைவிட ஆண்டு வரிசையே அதிகம் பேசுகிறது. 2018இலும் 2019இலும் சீனாவுடனான வணிகப் போரின் இழப்புக்கு ஈடாக ஏறத்தாழ 2,300 கோடி டாலர் வழங்கப்பட்டது. 2018இல் சோயா மொச்சைக்குப் புஷல் என்னும் தானிய அளவைக்கு 1.65 டாலரும் மக்காச்சோளத்துக்கு 1 சென்ட்டும் கொடுத்தார்கள். 2019இல் முறையை மாற்றி, கவுன்டிக்குக் கவுன்டி வேறுபடும்படி ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 டாலர் வரை விகிதம் வைத்தார்கள். எல்லையின் இருபுறமும் ஒரே பயிர் நிற்க, ஒரு கவுன்டிக்காரர் மற்றவரைவிட மிகுதியாகப் பெற்றதை, அடுத்தடுத்த இரண்டு கவுன்டிகளின் பக்கங்களை ஒப்பிட்டால் காணலாம். 2020இல் பெருந்தொற்று நிவாரணமும் சேர, நாடு முழுவதும் நேரடிப் பட்டுவாடா 4,500 கோடி டாலரைத் தாண்டியது. இத்தொகைகளில் பெரும்பகுதி பண்ணைச் சட்டத்துக்கு வெளியே, அவ்வப்போதைய அறிவிப்புகளால் வந்தவை. ஒரு கவுன்டி விவசாயிகளின் வரவு எந்த அளவுக்கு வாஷிங்டனின் ஒரு பருவ முடிவைச் சார்ந்திருக்கிறது என்பது அந்த ஆண்டுகளின் ஏற்றத்தில் தெரிகிறது.

இனி வரும் கணக்குகளைப் படிப்பவர்கள் புதிய விதிகளை அறிந்துகொண்டு படிக்க வேண்டும். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், நீள்மணி நெல்லின் குறிப்பு விலையை 14 டாலரிலிருந்து 16.90 டாலராகவும், நபர் வரம்பை 1,55,000 டாலராகவும் உயர்த்தியது. நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர் வரை புதிதாக அடிப்படை ஏக்கராகச் சேர்க்கவும் இடம் தந்தது. 2025 அறுவடைக்கு மட்டும், விலை ஈடு, வருவாய் ஈடு இரண்டில் எது அதிகமோ அது தானாகவே வழங்கப்படும். அந்தப் பணம் 2026 அக்டோபருக்குப் பிறகே வழங்கப்படும் என்பதால், நெல் கவுன்டிகளின் பட்டியலில் இந்த மாற்றம் தெரிய இன்னும் காலம் ஆகும். அப்போது முந்தைய பத்தாண்டுகளோடு ஒப்பிட விரும்புபவர், தன் கவுன்டியின் திட்டவாரி எண்களை இப்போதே தரவுத்தளத்திலிருந்து எடுத்துத் தனியே எழுதி வைத்துக்கொள்வது உதவும்.